திருகாணி வரை நிஜம்: போர்ப் படங்களும் வீடியோ கேம்களும் எதைத் துல்லியமாகக் காட்டுகின்றன?

2021 ஜூலையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாலஞ்சர் 2 டாங்கியின் கையேட்டிலிருந்து சில பக்கங்கள் இணையத்தில் வெளியாயின. எந்த உளவாளியும் திருடி விற்கவில்லை. வார் தண்டர் என்ற ஆன்லைன் கேமை விளையாடும் ஒருவர், கேமில் அந்த டாங்கியின் பீரங்கியை ஒட்டிய கவசப் பகுதி தப்பாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று வாதாடிக்கொண்டிருந்தார். கேட்பார் இல்லை. சரி, ஆதாரத்தையே காட்டிவிடலாம் என்று கையேட்டை எடுத்துப் போட்டுவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சின் லெக்லேர் டாங்கிக்கு இதே கதி. அங்கே தகராறு, பீரங்கி பொருத்திய மேற்கூடு எவ்வளவு வேகத்தில் சுழலும் என்பது. 2022-ல் சீன டாங்கிக் குண்டு ஒன்றின் விவரம், 2023 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்-16 போர் விமான ஆவணம் என்று இது ஒரு தொடர்கதையாகவே ஆகிவிட்டது. கேமை நடத்தும் கைஜின் நிறுவனம் ஒவ்வொரு முறையும் பதிவை நீக்கிவிட்டு, ரகசிய ஆவணங்களை நாங்கள் தொடுவதே இல்லை என்று விளக்கம் சொல்கிறது.

படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு போர்ப் படத்தையோ கேமையோ பார்த்து “அப்படியே நிஜம் மாதிரி இருக்கு” என்று நாம் சொல்லும்போது எதைப் பாராட்டுகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். டாங்கியின் மேற்கூடு விநாடிக்கு எத்தனை டிகிரி திரும்பும் என்பதற்குக் கையேடு உண்டு. கையேடு இருப்பதால் சரிபார்க்கலாம், சரிபார்க்க முடிவதால் சண்டையும் போடலாம். அந்த சாலஞ்சருக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குண்டு துளைத்தால் அவர்களுக்கு என்ன ஆகும், அதைப் பார்த்த அடுத்த டாங்கிக்காரனுக்கு அன்று இரவு எப்படிப் போகும் என்பதற்கெல்லாம் கையேடு கிடையாது. அதனால் அதைப் பற்றி யாரும் தகராறு செய்வதும் கிடையாது. போரைத் தத்ரூபமாகக் காட்டுவதாகச் சொல்லும் தொழில் முழுவதும் இந்தச் சரிவில்தான் ஓடுகிறது: சரிபார்க்கக்கூடிய சாமான்களில் படு கறார், மற்றதில் தாராளம். போதாததற்கு, கறாரான பாதி தாராளமான பாதிக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டுவிடுகிறது.

ஓமாஹா கடற்கரையும் ஒரு கேமராவும்

இன்றைய போர்க் காட்சிகளின் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் 1998-ல் வந்து நிற்க வேண்டியிருக்கும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் சேவிங் பிரைவேட் ரையன் வெளியான ஆண்டு. 1944 ஜூன் 6 அன்று அமெரிக்கப் படைகள் நார்மண்டியின் ஓமாஹா கடற்கரையில் இறங்கிய சண்டை, படத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடுகிறது. படம் பிடித்தது பிரான்சில் இல்லை, அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரக்ளோ என்ற கடற்கரையில். கூட்டமாக ஓடி விழுபவர்களில் பலர் அயர்லாந்து ராணுவத்தின் சேமப்படையினர்.

படத்தின் ராணுவ ஆலோசகர் டேல் டை. வியட்நாமில் சண்டையிட்டு, கேப்டனாக ஓய்வுபெற்ற அமெரிக்க மரைன். ஹாலிவுட் படங்களில் சிப்பாய்கள் நடந்துகொள்ளும் விதம் சகிக்கவில்லை என்று சொந்தமாக ஓர் ஆலோசனை நிறுவனமே தொடங்கியவர். 1986-ல் வந்த பிளாட்டூன் படத்துக்காக நடிகர்களை பிலிப்பைன்ஸ் காட்டுக்குக் கூட்டிப்போய், ஏறக்குறைய இரண்டு வாரம் பதுங்குகுழி தோண்டவைத்து, சரியாகத் தூங்கவிடாமல், ராணுவப் பொட்டலச் சோறு போட்டு வாட்டி எடுத்தார். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பத்து நாள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் கீழே வைக்கிற விதமே வேறு. ரையன் படத்துக்கும் டாம் ஹாங்க்ஸ் முதலானோர் மழையிலும் சேற்றிலும் இப்படி முகாம் போட்டார்கள். மாட் டேமனை மட்டும் வேண்டுமென்றே அனுப்பவில்லை. கதையில் மற்றவர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேடிப்போகும் ரையனாக நடிக்கிறவர் மீது அவர்களுக்கு நிஜமாகவே ஓர் எரிச்சல் இருக்கட்டும் என்றுதான்.

அப்புறம் கேமரா. அந்தக் காட்சியில் மணல் சிதறும்போது ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிவதைக் கவனித்திருக்கலாம். சினிமா கேமராவுக்குள் ஒளியை விட்டு விட்டு மறைக்கும் சுழல் தகடான ஷட்டரை வழக்கமாக 180 டிகிரி திறப்பில் வைப்பார்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி 48-ல் ஒரு பங்கு விநாடி விழும். அந்த நேரத்துக்குள் ஓடுகிறவனின் கை கொஞ்சம் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கல்தான் ஓட்டத்தை வழுவழுப்பாகக் காட்டுவது. ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி ஷட்டரை 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் குறுக்கினார். 45 டிகிரியில் ஒளி விழும் நேரம் 192-ல் ஒரு பங்கு விநாடிதான். கலங்கல் போய்விட்டது. ஒவ்வொரு ஃபிரேமும் வெட்டி வைத்த மாதிரி தெளிவாகி, அசைவு வெட்டு வெட்டாகத் துள்ளுகிறது. லென்சுகளின் மேல் இருந்த பாதுகாப்புப் பூச்சையும் சுரண்டி எடுத்தார்கள், பழைய காலத்து லென்ஸ் போல ஒளி சிதற வேண்டும் என்று. நிறத்தைப் பாதிக்கு மேல் வடித்துவிட்டார்கள்.

இவ்வளவும் எதைப் போலத் தெரிவதற்காக? ராபர்ட் காப்பா அன்று காலை ஓமாஹாவில் எடுத்த புகைப்படங்களைப் போல. லைஃப் பத்திரிகைக்காக அவர் எடுத்ததில் இன்று நாம் பார்ப்பது பத்துப் பதினொரு படங்கள்தான். எல்லாம் ஆடிக் கலங்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் நின்றவனின் கண்ணுக்கு உலகம் சாம்பல் நிறத்தில் தெரிந்திருக்காது. ரத்தம் சிவப்பாகவும் புல் பச்சையாகவும்தான் இருந்திருக்கும். ஆனால் நமக்கு அந்தப் போரை அறிமுகப்படுத்தியது ஆடிப்போன புகைப்படம். அதனால் ஆடிப்போன புகைப்படம் போல எடுத்தால் “உண்மை” என்று மனம் ஒப்புக்கொள்கிறது. இதே வித்தையை இதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இத்தாலிய இயக்குநர் செய்து காட்டியிருக்கிறார். அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி ஜில்லோ பொன்டெகோர்வோ 1966-ல் எடுத்த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ், பார்ப்பவர்களுக்குச் செய்திப் படம் போலவே தோன்றியதால், இதில் ஓரடிகூட நிஜச் செய்திப் படம் இல்லை என்று அமெரிக்காவில் திரையிடும்போது அறிவிப்புப் போட வேண்டியிருந்தது.

ரையன் படம் வெறும் ஏமாற்று என்று சொல்லவில்லை. படம் வெளியானதும் முன்னாள் படைவீரர்கள் பலர் அரங்கில் உட்கார முடியாமல் தவித்தார்கள். அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை அவர்களுக்காகத் தனித் தொலைபேசி உதவி எண்ணே ஏற்படுத்தியது. நடிகர்களின் களைப்பும், திசை தெரியாத குழப்பமும், சத்தம் அடைத்துப்போகும் காதும் எதையோ சரியாகத் தொட்டிருக்கின்றன. பிழைகளும் இருக்கின்றன. படத்தில் தண்ணீருக்கடியில் மூழ்கியவர்களைத் தோட்டாக்கள் சரம் சரமாகத் துளைக்கின்றன. உண்மையில் வேகமான ரைஃபிள் தோட்டா தண்ணீரில் சில அடி போவதற்குள்ளேயே வேகம் இழந்துவிடும். படத்தின் கதாநாயகன் சேர்ந்திருக்கும் ரேஞ்சர் படைக் கம்பெனியை நிஜத்தில் கரை சேர்த்தவை பிரிட்டிஷ் கடற்படையின் படகுகள். படத்தில் அவை அமெரிக்கப் படகுகளாகிவிட்டன. துப்பாக்கி மாடல் மாறியிருந்தால் ரசிகர்கள் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். ஒரு நாட்டு மாலுமிகளே காணாமல்போனதை பிரிட்டனைத் தவிர வேறெங்கும் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

கேமுக்குள் குடியேறிய கடற்கரை

அந்தப் படத்தின் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே ஸ்பீல்பெர்க்குக்கு இதே போரை வைத்து ஒரு கேம் செய்யும் யோசனை வந்தது. அவருடைய ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 1999-ல் மெடல் ஆஃப் ஹானர் கேமை பிளேஸ்டேஷனில் வெளியிட்டது. அதற்கும் ஆலோசகர் டேல் டைதான். 2002-ல் வந்த அதன் தொடர்ச்சியான அலைடு அசால்ட்டில் ஓமாஹா இறக்கம் ஒரு முழு அத்தியாயம். விளையாடியவர்களுக்கு நினைவிருக்கும்: படகின் கதவு விழுவது, முன்னால் நிற்பவன் சாய்வது, இரும்புத் தடுப்புக்குப் பின்னால் ஒடுங்குவது என்று எல்லாமே அந்த அயர்லாந்து கடற்கரையின் நகல். நார்மண்டியைப் பார்த்துச் செய்யவில்லை, நார்மண்டியைக் காட்டிய படத்தைப் பார்த்துச் செய்தார்கள். அந்தக் குழுவிலிருந்து ஒரு பெரிய கூட்டம் பிரிந்துபோய் இன்ஃபினிட்டி வார்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2003-ல் கால் ஆஃப் டியூட்டியை வெளியிட்டது. அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

இந்தப் பரம்பரை எதில் கறார் காட்டியது என்பதற்கு எம்1 கேரண்ட் துப்பாக்கி நல்ல சாட்சி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையின் ரைஃபிள். எட்டுத் தோட்டாக்களை ஓர் உலோகக் கவ்வியோடு சேர்த்து மேலிருந்து உள்ளே அமுக்க வேண்டும். எட்டாவது தோட்டா போனதும் காலிக் கவ்வி “டிங்” என்ற ஓசையோடு மேலே எகிறும். அந்த ஓசை கேமர்களிடையே கிட்டத்தட்ட தெய்வ வாக்கு. பாதி சுட்ட நிலையில் மிச்சத்தை நிரப்புவது இந்தத் துப்பாக்கியில் எரிச்சலான வேலை என்பதால், அந்த ஆரம்பகால கேம்கள் எட்டும் தீரும்வரை ரீலோடு செய்யவே விடவில்லை. எதிரி கண்முன் வந்து நிற்கும்போது இரண்டே தோட்டாக்களோடு திண்டாடிய அனுபவம் பலருக்கு உண்டு. உண்மையில் பாதிக் கவ்வியைக் கையால் வெளியே எடுத்துவிட்டு முழுக் கவ்வியைப் போடலாம், ராணுவத்தில் அதையும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நுணுக்கத்தில் இவ்வளவு அக்கறை காட்டியதே பெரிய விஷயம்தான்.

அதே கால் ஆஃப் டியூட்டியின் இரண்டாம் பாகம் 2005-ல் வந்தபோது, மருத்துவப் பெட்டியைத் தேடி ஓடும் வழக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். குண்டடி பட்டால் திரை சிவக்கும், மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். சுவருக்குப் பின்னால் சில விநாடி ஒதுங்கி நின்றால் போதும், எல்லாம் ஆறிவிடும். கவ்வியின் ஓசை நிஜம், காயம் கற்பனை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தொடையில் தோட்டா வாங்கியவனை மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் கேமை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆனால் விற்பனைப் பேச்சில் கவ்வியின் ஓசை மட்டும் முழங்குகிறது.

ஓசை என்றதும் இன்னொன்று. நம்மை நோக்கிச் சுட்டால் என்ன கேட்கும்? படங்களில் “டுமீல்” என்று கேட்கும், அடுத்து ஒருவர் விழுவார். நேட்டோ ரைஃபிளின் 7.62 மில்லிமீட்டர் தோட்டா விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தோடு கிளம்புகிறது. ஒலியின் வேகம் 340 மீட்டர்தான். அரை கிலோமீட்டர் தள்ளி ஒருவன் சுட்டால், ஒலியை முந்திக்கொண்டு வரும் தோட்டா காதருகே சாட்டை சொடுக்கியது போல “பட்” என்று வெடித்துப் போகும். அதற்கு அரை விநாடிக்கும் மேல் கழித்துத்தான் துப்பாக்கியின் “தும்” வந்து சேரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, சுடுகிறவன் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் இருக்கிறான் என்று ஊகிக்கப் பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்குத் தெரியும். காது முதலில் கேட்கும் வெடிப்பை நம்பினால் திசை தப்பும். இந்த இரட்டை ஓசையைச் சரியாகச் செய்த கேம்கள் சில இருக்கின்றன. படங்கள் அநேகமாக இல்லை. சைலன்சர் கதை இதைவிட மோசம். ரைஃபிள் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 30 டெசிபல் குறைக்கும். மிச்சம் 130, அதுவும் காதைப் பதம் பார்க்கிற சத்தம்தான். படத்தில் மட்டும் பக்கத்து அறையில் தூங்குபவன் புரண்டுகூடப் படுக்க மாட்டான்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய சில்லறைப் பிழைகள். சரிசெய்ய யாரும் ஆசைப்படாத பெரிய பிழை ஒன்று இருக்கிறது: எதிரி தெரிகிறான். முதல் உலகப் போர் தொட்டே போர்க்களம் பார்வைக்குக் காலியாகிவிட்டது. புதர், சுவர், புகை, எங்கிருந்தோ வரும் சத்தம், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் காயமும் சாவும் பெரும்பங்கு வந்தது பீரங்கி, மோர்ட்டார் குண்டுகளின் சிதறல்களால். முகம் தெரியாத யாரோ பல கிலோமீட்டருக்கு அப்பால் கயிறு இழுத்ததால் செத்தவர்களே அதிகம். வீரம் காட்டியதாலோ குறி தவறாததாலோ பிழைத்தவர்கள் குறைவு. அடுத்த குண்டு எங்கே விழும் என்பதில் சிப்பாயின் திறமைக்கு ஒரு வேலையும் இல்லை. கேமுக்கு இது ஒத்துவராது. திறமைக்குப் பலன் கிடைக்காவிட்டால் அது விளையாட்டே இல்லையே.

பேட்டரி, எண்ணெய், மீசை

சாமான்களைத் தாண்டி வேறொரு நிஜத்தைப் பிடித்த படைப்பு என்று கேட்டால் நான் 2008-ல் ஹெச்பிஓ ஒளிபரப்பிய ஜெனரேஷன் கில் தொடரைச் சொல்வேன். ஏழு பாகங்கள். 2003-ல் அமெரிக்க மரைன்களின் உளவுப் படைப்பிரிவு ஒன்று குவைத்திலிருந்து பாக்தாத்துக்குப் போன பயணம். அந்தப் பிரிவோடு ஹம்வீ வண்டியில் போன பத்திரிகையாளர் எழுதிய புத்தகம்தான் மூலம். அந்தப் போரில் இருந்த மரைன்களே ஆலோசகர்கள். ரூடி ரெயெஸ் என்ற மரைன் தன் பாத்திரத்தில் தானே நடித்தார். பின்னணி இசை கிடையாது. பாட்டு என்றால் வண்டியில் போகும் பையன்கள் கத்திப் பாடுவதுதான்.

இந்தத் தொடரில் சண்டை குறைவு, புலம்பல் அதிகம். இரவில் பார்க்கும் கருவி கையில் இருக்கிறது, அதற்குப் பேட்டரி வரவில்லை. இயந்திரத் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் தீர்ந்துவிட்டது, பாலைவனத் தூசியில் துப்பாக்கி அடைத்துக்கொள்கிறது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டால் பதில் இல்லை. ஆனால் மேலதிகாரி ஒருவர் வண்டி வண்டியாக வந்து, மீசை விதிமுறையைத் தாண்டி வளர்ந்திருக்கிறது, சட்டை உள்ளே செருகப்படவில்லை என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அரசு அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது உடனே புரியும். எந்த ஊரைத் தாக்குகிறோம், ஏன் திரும்பினோம் என்று கீழே இருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சாலைத் தடுப்பில் நிற்காமல் வரும் காரில் இருப்பது யார் என்று முடிவுசெய்ய அவர்களுக்குச் சில விநாடிகள்தான். முடிவு தப்பாகப் போய் உள்ளே குழந்தை இருந்தது தெரிய வரும்போது, அதை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, தொடரும் ஆறுதல் சொல்ல வரவில்லை. மேற்கூட்டின் சுழற்சி வேகம் எல்லாம் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சமாசாரமே இல்லை.

இந்த மாதிரிப் படைப்புகள் ஏன் குறைவு? ரசனை ஒரு காரணம். ஹெலிகாப்டர் இன்னொரு காரணம். உண்மையான போர் விமானமோ கப்பலோ வேண்டுமென்றால் அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் பாதுகாப்புத் துறையிடம்தான் போயாக வேண்டும். துறை திரைக்கதையைக் கேட்கும், படிக்கும், மாற்றச் சொல்லும். 2022-ல் வந்த டாப் கன் படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் கடற்படை எஃப்/ஏ-18 விமானங்களைக் கொடுத்தபோது வாங்கிய கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 11,374 டாலர் வரை. பிளாட்டூனுக்கு உதவி மறுக்கப்பட்டது. வியட்நாம் போரைப் பற்றி அப்போகலிப்ஸ் நவ் எடுத்த இயக்குநர் கொப்போலாவும் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் ராணுவத்திடம் ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தார். அவை உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களைத் தாக்குவதற்காகப் படப்பிடிப்பின் நடுவிலேயே கிளம்பிப் போய்விடுமாம். மாறாக, 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் நடந்த சண்டையைச் சொல்லும் பிளாக் ஹாக் டவுன் படத்துக்கு (2001) ராணுவம் ஹெலிகாப்டர்களையும் ரேஞ்சர் வீரர்களையும் மொராக்கோ வரை அனுப்பிவைத்தது. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் சறுக்கி இறங்கும் காட்சியில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சண்டையில் செத்தவர்கள் அமெரிக்கத் தரப்பில் 18 பேர், சோமாலியத் தரப்பில் பல நூறு பேர். படம் முடியும்போது நமக்கு ஒரு சோமாலியரின் வீட்டைக்கூட உள்ளே போய்ப் பார்த்த நினைவு இருக்காது.

ராணுவமே தயாரிப்பாளர் ஆனால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தாயிற்று. அமெரிக்கத் தரைப்படை 2002 ஜூலை 4 அன்று, தன் ஆள்சேர்ப்புக்கு உதவட்டும் என்று அமெரிக்காஸ் ஆர்மி என்ற கேமை இலவசமாக வெளியிட்டது. 2022 மே வரை அது ஓடியது. மருத்துவ உதவியாளராக விளையாட வேண்டுமென்றால் முதலுதவி வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேற வேண்டும். பயிற்சி சார்ஜென்டைச் சுட்டால் உங்கள் பாத்திரம் லெவன்வொர்த் ராணுவச் சிறையில் கண் விழிக்கும். இவ்வளவு ஒழுங்கு. ஆனால் இரண்டு அணிகள் மோதும்போது யார் எதிரி? யாரும் எதிரியாக விளையாட வேண்டாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். என் திரையில் நான் எம்-16 ஏந்திய அமெரிக்கச் சிப்பாய், நீங்கள் ஏ.கே.-47 வைத்திருக்கும் தீவிரவாதி. அதே கணத்தில் உங்கள் திரையில் நீங்கள் அமெரிக்கச் சிப்பாய், நான் தீவிரவாதி. இருபது ஆண்டுகளில் எத்தனையோ லட்சம் மோதல்கள் நடந்தும் ஒருவர்கூட எதிர்த் தரப்பில் நிற்கவில்லை. போரில் ஒவ்வொரு தரப்பும் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கேம் இல்லை என்று தோன்றுகிறது, சொல்ல நினைத்துச் சொன்னார்களா என்பது வேறு விஷயம்.

சாமானின் நம்பகத்தை வைத்து வரலாற்றையே நகர்த்த முடியும் என்பதற்கு 2019-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் உதாரணம். துப்பாக்கிகளின் அசைவும் ஒலியும் இரவுப் பார்வைக் கருவியின் பச்சை வெளிச்சமும் அவ்வளவு நேர்த்தி என்று எல்லாரும் மெச்சினார்கள். அதில் ஒரு கற்பனை நாடு, அங்கே “மரண நெடுஞ்சாலை” என்று பெயர் பெற்ற ஒரு சாலை. தப்பித்துப் போனவர்கள் மீது அங்கே குண்டு போட்டது ரஷ்யர்கள் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. இந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு சாலை இருக்கிறது. குவைத் நகரிலிருந்து இராக் எல்லைக்குப் போகும் சாலை. 1991 பிப்ரவரி 26, 27 தேதிகளில் பின்வாங்கிப் போன இராக்கிய வாகன வரிசை மீது அங்கே குண்டு போட்டவை அமெரிக்காவும் அதன் கூட்டணி நாடுகளும். இது கற்பனைக் கதைதானே என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அப்படியானால் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் அவ்வளவு ஆதாரம்?

இராணுவத்துக்கே பாடம் எடுக்கும் கேம்

செக் நாட்டின் பொஹிமியா இன்டராக்டிவ் நிறுவனம் வேறு வழியில் போனது. 2001-ல் அவர்கள் வெளியிட்ட ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்டில் ஒரே தோட்டாவில் சாகலாம், கிலோமீட்டர் கணக்கில் நடக்கலாம், யார் சுட்டது என்று தெரியாமலே ஆட்டம் முடிந்துபோகலாம். அதே தொழில்நுட்பத்தில் கிளைத்த விபிஎஸ் என்ற பயிற்சி மென்பொருளை அமெரிக்க மரைன்கள், ஆஸ்திரேலிய ராணுவம் முதலானவை வாங்கிப் பயன்படுத்தின. 2013-ல் இதே நிறுவனத்தின் ஆர்மா 3 என்ற கேம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கிரீஸின் லெம்னோஸ் தீவுக்குப் போயிருந்த இரண்டு ஊழியர்கள் ராணுவ நிலைகளைப் படம் எடுத்ததாக உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் பிடித்துவிட்டார்கள் என்று நிறுவனம் சொன்னது. 2013 ஜனவரியில்தான் ஜாமீன் கிடைத்தது. கேம் நடக்கும் தீவு லெம்னோஸை அப்படியே பார்த்துச் செய்ததுதான். பின்னால் பெயரை மட்டும் ஆல்டிஸ் என்று மாற்றிவிட்டார்கள்.

அதே கேமுக்கு 2017-ல் போர்ச் சட்டங்களைப் பற்றி ஒரு கூடுதல் பகுதி வெளியிட்டார்கள். அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. சண்டை முடிந்த கிராமத்தில் கண்ணிவெடி அகற்றும் தொண்டு நிறுவன ஊழியர். ஒவ்வொரு பொருளாகத் தோண்டி எடுக்கும்போது, இதை இங்கே வைத்தது யார், எதற்காக என்று கதை பின்னோக்கி விரிகிறது. கொத்துக்குண்டு வெடிக்காமல் கிடந்தால் பிறகு என்ன ஆகும் என்று காட்டிய கேம்கள் அதிகம் இல்லை. விற்பனையில் வந்த நிகர வருமானத்தில் பாதியை, 1,76,000 டாலருக்கு மேல், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். சாமான் நிஜத்தையும் போர் நிஜத்தையும் ஒரே இடத்தில் கட்டிய அபூர்வமான முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் ஆர்மா 3 பொதுமக்களிடம் பெயர் வாங்கியது வேறு காரணத்துக்காக. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் விமானம் தாக்குகிறது என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் காட்டிய காட்சி, இந்த கேமிலிருந்து எடுத்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் இது பெருகியது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாள்களிலும் வாட்ஸ்அப் வரை வந்து சேர்ந்தது. ஒரு வீடியோவை நீக்கினால் அன்றைக்கே பத்து வீடியோ ஏறுகிறது என்று அலுத்துப்போன நிறுவனம், 2022 நவம்பரிலேயே போலியைக் கண்டுபிடிக்கும் குறிப்புகளை வெளியிட்டது. தரம் மட்டமாக இருக்கும், கேமரா ஆடும், பெரும்பாலும் இரவாக இருக்கும், சத்தம் பல நேரம் இருக்காது. கேமை உயர்தரத்தில் ஓட்டிப் பதிவுசெய்தால் யாரும் நம்புவதில்லை, கைபேசியில் எடுத்த மாதிரி கலக்கிவிட்டால் செய்தி அறையே நம்புகிறது. அந்தப் பட்டியலில் இன்னொரு குறிப்பும் உண்டு: மனிதர்கள் அசைவது பெரும்பாலும் இருக்காது. விமானம் பறப்பதையும், ஏவுகணை பாய்வதையும், டாங்கி உருள்வதையும் இந்த கேம் நிஜத்துக்கு வெகு அருகில் செய்துவிடுகிறது. ஆள் ஒருவர் எழுந்து நாலு அடி நடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது போலி வீடியோ செய்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.